உருத்திரநாதமும் அதன் கால்வழியும்

திருக்கேதாரம் என்னும் பெயர் தமிழ்நாட்டுச் சைவர்க்குப் புதியதன்று. வடநாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்றாகிய அத்திருப்பதிக்குத் திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகள் அருளிய பதிகம் ஒன்றும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிய பதிகம் ஒன்றும் உள. இவ்விரு பெருமக்களும் அப்பதிக்கு நேரே எழுந்தருளினாரல்லர். திருக்காளத்தியில் இருந்தபடியே வடதிசை நோக்கிப் பாடியருளினர் என்பது பெரியபுராணத்தால் அறியப்படும். ஆயின், இமயத்திலே கேதாரம் என்னும் பெயர் பூண்ட தலங்கள் ஐந்து என்பதும், அவற்றுள் நான்காவதாகிய உருத்திரநாதம் கால்வழியன்றி வேறு வழியில்லாததாய், மக்கட் கூட்டம் மிகாததாய் இன்றும் விளங்குகின்றது என்பதும் தமிழ்ச் சைவருட் பலர் அறியாதன. அத்தலத்துக்குச் செல்லும் மலைவழியின் வரலாறும், அவ்வழியால் உணரக் கிடக்கும் பொருளும் ஈண்டு ஆராயப்படும்.

கந்தபுராணத்தைச் சார்ந்ததாக வழங்கும் கேதாரகண்டம் என்னும் வடநூல் இவ்வைந்து தலங்களையும் கூறும். கட்வால் நாட்டில் வழங்கும் கன்னபரம்பரைக் கதை வருமாறு: பாரதப்போர் முடிந்தபின், சுற்றத்தாரைக் கொன்ற பாவம் நீங்கவேண்டிப் பாண்டவர் சிவபெருமானை நாடி இமயஞ் சென்றனர். பெருமான் அவர்க்கு எளிதிற் காட்சி தாராது, இடப வடிவங்கொண்டு மறைந்தருளினான். வீமன் அவ்விடபத்தை வலிந்து பற்ற முயன்றபோது அது நிலத்துட் புக்கு, ஐந்திடங்களில் ஐந்து உறுப்பாக வெளிப்பட்டது. திமில் வெளிப்பட்ட இடம் கேதாரநாதம். உந்தி வெளிப்பட்ட இடம் மத்தியமகேசுவரம். புயங்கள் வெளிப்பட்ட இடம் துங்கநாதம். திருமுகம் வெளிப்பட்ட இடம் உருத்திரநாதம். சடை வெளிப்பட்ட இடம் கற்பேசுவரம். ஆங்காங்குப் பாண்டவர் கோயிலெடுத்து வழிபட்டு உய்ந்தனர் என்ப.

இக்கதையின் உட்கிடை கருதத்தக்கது. வலியாற் பற்றுவார் கைக்கு அகப்படாத பெருமான், வழிபடுவார்க்கு ஐந்திடத்தும் நின்று அருளினான். வீமன் தோள்வலி செய்யாததைப் பின்னர்ச் செய்த வழிபாடு செய்தது. இதனை உளங்கொண்டு மேலே செல்லற்பாலது.

ஐந்தனுள் கேதாரநாதம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 11,750 அடி உயரத்தில் மந்தாகினியாற்றின் தலைப்பில் உள்ளது. துங்கநாதம் 12,000 அடிக்குச் சிறிது மேற்பட்ட உயரத்தது. ஐங்கேதாரங்களுள் அதுவே மிக உயர்ந்தது. மத்தியமகேசுவரமும் உருத்திரநாதமும் 11,000 அடிக்கு மேற்பட்டன. கற்பேசுவரம் ஒன்றே தாழ்ந்த பள்ளத்தாக்கில் இருத்தலின் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். ஏனைய நான்கும் பனிக்காலத்தில் அடைக்கப்படும். அப்போது கேதாரநாதருக்கும் மத்தியமகேசுவரருக்கும் ஊகிமடத்து ஓங்காரேசுவரர் கோயிலிலும், துங்கநாதருக்கு மக்குமடத்திலும், உருத்திரநாதருக்குக் கோபேசுவரத்துக் கோபிநாதர் கோயிலிலும் வழிபாடு நிகழும். கேதாரநாதத்துத் தலைமைக் குருவாகிய இராவலர் கன்னட நாட்டு வீரசைவ சங்கமர் மரபிலிருந்து தெரிந்தெடுக்கப்படுபவர் என்பதும், இத்தலங்களுக்கும் தென்னாட்டுக்கும் உள்ள தொடர்பு பாட்டளவில் நின்றதன்று என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கன.

இனி, வழியின் வரலாறு. முற்காலத்தில் அரித்துவாரத்தினின்று புறப்படும் யாத்திரிகர், கங்கைக் கரையை ஒட்டி நடந்து, தேவப்பிரயாகையையும் சீநகரையும் உருத்திரப்பிரயாகையையும் கடந்து, முதற்கண் கேதாரநாதரை வழிபட்டு, அதன்பின் வதரியாச்சிரமம் செல்வர். பறவை செல்லுமாறு பார்ப்பின் கேதாரத்துக்கும் வதரிக்கும் இடையே உள்ள தொலைவு சிறிதே. எனினும் இடையில் பனிமூடிய பெருஞ்சிகரங்கள் நிற்றலின், யாத்திரிகர் மந்தாகினிப் பள்ளத்தாக்கிலே மீண்டிறங்கி ஊகிமடம் வந்து, அங்கிருந்து கிழக்கு நோக்கித் துங்கநாத மலைமுதுகைக் கடந்து, மண்டல், கோபேசுவரம் வழியாகச் சமோலியில் அளகநந்தைக் கரையை அடைந்து, பின் வடக்கே திரும்பி வதரிக்கு ஏறுதல் வேண்டும். ஆகவே, துங்கநாதமும் கோபேசுவரமும் அக்காலத்தில் யாத்திரிகர் யாவரும் கடந்து சென்ற பெருவழியில் இருந்தன. உருத்திரநாதமோ அப்பெருவழியினின்று மேலே பிரிந்து செல்லும் கிளைவழியில் இருந்தது. மனத்துணிவும் உடல்வலியும் உடையவர் சிலரே அவ்வழி ஏறினர்.

இப்பெருவழியில் சில மைலுக்கு ஒன்றாகச் 'சட்டி' எனப்படும் தங்கிடங்கள் இருந்தன. இச்சொல் தமிழிற் சமையற் கலத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியால் ஒத்ததேயன்றிப் பொருளால் வேறு. கல்லடுக்கிப் புல்வேய்ந்த நீண்ட கொட்டில் ஒன்றும், அதன் முகப்பில் ஒரு கடையுமே சட்டி என்பது. அரிசி, மாவு, பருப்பு, நெய், விறகு ஆகியவற்றைக் கடைக்காரனிடம் வாங்குவோர்க்குத் தங்கிடமும் சமையற் பாத்திரங்களும் வாடகையின்றிக் கிடைக்கும். ஊகிமடத்துக்கும் கோபேசுவரத்துக்கும் இடையே போதிபாசா, பனியாகுண்டம், சோப்தா, பாங்கர்பாசா என்பன அத்தகைய தங்கிடங்களாக விளங்கின. பகல் நடந்து, மாலையில் தாமே சமைத்துண்டு, பலநாட்டாரும் ஒரே கொட்டிலிற் படுத்துறங்கிச் சென்ற அவ்யாத்திரை முற்றுப்பெறப் பல வாரங்கள் ஆகும்.

இவ்வழியைப் பேணிய முறையும் அறியத்தக்கது. கட்வால் அரசர் காலந்தொட்டுக் கோயில்களுக்கும் யாத்திரிகர் உணவுக்கும் ஊர்கள் மானியமாக விடப்பட்டிருந்தன. உணவுக்கென விடப்பட்ட மானியம் சதாவர்த்தம் எனப்பட்டது. 1803ஆம் ஆண்டிற் பெருநிலநடுக்கம் நிகழ்ந்து நாடு நலிந்தபோது கூர்க்கர் படையெடுத்து அதனைக் கைக்கொண்டனர். 1815இல் அவர் ஆட்சி நீங்கி, அளகநந்தைக்குக் கிழக்கிலுள்ள பகுதியும் கேதாரநாதம் உள்ள பகுதியும் ஆங்கிலேயர் வசமாயின. 1835 வரை அந்நாட்டை ஆண்ட டிரெயில் என்னும் அதிகாரி, சதாவர்த்த ஊர்களின் வருவாயில் எஞ்சியதைக் கொண்டு யாத்திரை வழியைச் செப்பஞ் செய்வித்தார். கயிற்றுப்பாலமும் செங்குத்தான பாறைவெட்டுமாக இருந்த வழி, சுமை தூக்குவோரும் நடக்கத்தக்கதாயிற்று. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கருங்கம்பளி போர்த்தவர் என்னும் பொருள்பட மக்கள் 'காலீ கம்லீவாலா' என அழைத்த துறவியார் ஒருவர், செல்வரிடம் இரந்து பெற்ற பொருளால் இருடிகேசந் தொடங்கி வழிநெடுகத் தருமசாலைகளை அமைப்பித்தார்.

வழி செம்மையுற்றதாற் கூட்டம் மிகுந்தது. கூட்டம் மிகுந்ததால் நோயும் வந்தது. அரித்துவாரத்துக் கும்பமேளா நிகழும் ஆண்டுகளில் விடப்பாகம் என்னும் வாந்திபேதி, யாத்திரிகரோடு தானும் யாத்திரை செய்து மலையூர்களைப் பாழ்படுத்திற்று. அதனை ஒழிக்க மருத்துவச் சாலைகளும் நன்னீர்க் குழாய்களும் வேண்டியிருந்தன. ஒரு வழியைப் பெரிதாக்கினால் அதன்மீது செல்வனவெல்லாம் பெரிதாகும் என்னும் உண்மை அக்காலத்தேயே விளங்கியது.

1962ஆம் ஆண்டுச் சீனப்போருக்குப் பின்னர், எல்லைக்காவல் கருதி அம்மலைநாட்டில் மோட்டார்ச் சாலைகள் விரைந்து பெருகின. வாரக்கணக்கில் நடந்த தொலைவு நாட்கணக்காகிப் பின் மணிக்கணக்காயிற்று. ஊகிமடம், சோப்தா, கோபேசுவர வழியிலும் சாலை அமைந்தது. சட்டிகள் சில வண்டி நிறுத்தங்களாயின. பல புல்மூடிப் போயின. அடியார் நடந்த பெருவழி இங்ஙனம் மறைய, முன்னர்க் கிளைவழியாயிருந்த உருத்திரநாத வழியே பழைய யாத்திரையின் முறைமையை இன்றும் காட்டி நிற்பதாயிற்று.

அவ்வழிக்குத் தலைவாயில் கோபேசுவரம். ஆண்டுள்ள கோபிநாதர் கோயில் முற்றத்தில் ஏறத்தாழ 16 அடி உயரமுள்ள இருப்புத் திரிசூலம் ஒன்று நாட்டப்பட்டுள்ளது. மேலை நேபாளத்தை ஆண்ட மல்ல மரபினனாகிய அசோகசல்லன் என்னும் அரசன் 1191ஆம் ஆண்டிற் பொறித்த சாசனம் அதிற் காணப்படுகின்றது. அதனினும் பழைய எழுத்துக்களும் அச்சூலத்தில் உள. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நாடு வென்ற வேந்தன் ஒருவன், தன் வெற்றியைக் குறிக்கத் தனித்தூண் நாட்டாது, இறைவன் படைக்கலத்தின்மேலேயே எழுதினான் என்பது, அம்மண்ணில் சிவநெறி எத்துணை வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாம்.

கோபேசுவரத்துக்குச் சில மைல் தொலைவில் சாகர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூரோடு வண்டிவழி நின்றுவிடும். அங்கிருந்து உருத்திரநாதம் ஏறத்தாழ 12 மைல். சமநிலத்தில் ஒருநாட் பொழுதில் எளிதிற் கடக்கத்தக்க இத்தொலைவு, ஈண்டுச் சாகரிலிருந்து ஆறாயிரம் அடி அளவு உயர்வதாக அமைந்துள்ளது. முதலில் வயல்களின் ஓரமாகவும், பின்னர்க் கருவாலி மரக்காட்டினூடேயும் வழி செல்லும். நீலமலையில் காட்டுப்பூவரசு எனப்படும் மரத்தின் இனமாகிய புராஞ்சு மரங்கள் இளவேனிலில் செம்பூப் பூத்து மலைச்சரிவெல்லாம் தீப்பற்றியதுபோல் தோற்றும். காடு முடிந்தபின் மரமே இல்லாத பரந்த புல்வெளி தோன்றும். இதனை அந்நாட்டார் 'புக்யால்' என்பர். கோடையில் இடையர் ஆடு மேய்க்க ஏறிவரும் இடம் இது. உருத்திரநாத வழியில் உள்ள பனார் புக்யாலை அடைந்தவர்க்கு, நந்தாதேவி, திரிசூலம் முதலிய பனிச்சிகரங்கள் வானிற் கட்டிய மதில்போற் காட்சி தரும்.

ஏறும் அருமை இனைத்தென்று சொல்லுதற்கில்லை. படிபோல் எழுந்து செல்லும் ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குதல் வேண்டும். உயரம் மிக மிகக் காற்று மெலிதலின், தலைநோவும் குமட்டலும் சிலரை வருத்தும். விரைந்து ஏறுவாரை மிகுதியும் வருத்தும். காலையில் தெளிந்திருந்த வானம் நண்பகலுக்குப் பின் முகில் மூடி ஆலங்கட்டி பெய்தல் அங்கு இயல்பு. மழைக்காலத்தில் வழி வழுக்கும். காட்டில் அட்டைகள் பற்றும். மண்டல் ஊரிலிருந்து அநசூயை கோயில் வழியாக ஏறும் மற்றொரு வழியும் உண்டு. அது பின்னும் செங்குத்தானது. ஐங்கேதாரங்களுள் உருத்திரநாதமே அடைதற்கு அரிது என்று அந்நாட்டார் கூறுதல் இக்காரணங்களால் என்க.

பனாருக்கு மேற்பட்டது பித்ரதார் என்னும் மலைமுதுகு. ஆண்டு யாத்திரிகர் தம் முன்னோரை நினைந்து ஒவ்வொரு கல் வைத்துச் செல்வர். யார் வைத்த கல் எது என்று அறியவொண்ணாதபடி அக்கற்கள் குவிந்து கிடக்கும். அதனைக் கடந்தால் உருத்திரநாதம். வானளாவிய கோபுரமோ நெடிய மதிலோ அங்கில்லை. மலைப்பாறையின் குடைவே கருவறையாக, அதன் முன்னர்க் கல்லடுக்கிய சிறு கட்டடமே கோயிலாக உளது. உள்ளே பாறையினின்றே தோன்றியதாகிய திருமுகம், சிறிது சாய்ந்த கண்டத்தோடு காட்சி தரும். நீலகண்டன் என அடியார் வணங்குவர். மலைமேற் பூக்கும் பிரமகமலம் என்னும் மலர் பூசைக்கு ஆகும். சூரியகுண்டம், சந்திரகுண்டம், தாராகுண்டம், மானகுண்டம் என்னும் சுனைகள் சூழவுள்ளன. அருகே ஓடும் நீரோடைக்கு வைதரணி என்று பெயர். இறந்தோர் உயிர் கடக்கும் ஆறு அதுவே என்று நம்பி, அதன் கரையிற் பிதிர்க்கடன் செய்வோர் உளர்.

இத்தலத்து வழிபாட்டில் ஒரு சிறப்புண்டு. அஃதியாதெனில், யாத்திரிகரைப்போலவே இறைவனும் அவ்வழியே எழுந்தருளுதல். பனிக்காலம் முழுதும் கோபேசுவரத்தில் வழிபடப்பெற்ற உற்சவத் திருமேனி, இளவேனில் முடிவில் 'டோலி' எனப்படும் சிவிகையில் எழுந்தருளி, சாகர் ஊரைக் கடந்து, காடும் புல்வெளியும் ஏறி, பித்ரதாரில் நின்று முன்னோர்க்கு வழிபாடு நிகழ்ந்தபின் உருத்திரநாதம் புகும். கூதிர்காலத்தில் திருக்காப்பிட்டபின் மீண்டும் கால்வழியே இறங்கிக் கோபேசுவரம் சேரும். சிவிகையைச் சுமப்பாரும், தாரையும் முரசும் கொண்டு முன்செல்வாரும், பின்தொடரும் ஊராரும் யாவரும் நடந்தே செல்வர். பூசகர் கோபேசுவரத்தினின்று உடன்சென்று, கோயில் திறந்திருக்குங்காலமெல்லாம் அம்மலையிலேயே தங்குவர்.

தமிழ்நாட்டிற் பெருமான் உலாக்கொள்ளும் தெருவைத் திருவீதி என்று போற்றுகின்றோம். திருவீதியைக் கோயிலுக்குப் புறம்பான பொதுவழி என்று எவருங் கருதார். அதனை அலகிடுதலும் மெழுகுதலும் சிவபணியாக எண்ணப்படும். அம்முறையால் நோக்கின், சாகரிலிருந்து உருத்திரநாதம் வரை செல்லும் 12 மைல் கால்வழி முழுவதும் அக்கோயிலின் திருவீதியே ஆதல் தெளிவு. ஆண்டுக்கு இருமுறை பெருமான் உலாக்கொள்ளும் வழி, கோயிலை அடைதற்குரிய கருவி மாத்திரையாய் நில்லாது, கோயிலின் ஓர் உறுப்பே ஆகின்றது. அதனைக் குறுக்குதலும் அகலித்தலும் பற்றிப் பேசுவார் கோயிலையே மாற்றுதல் பற்றிப் பேசுகின்றார் என்று உணர்தல் வேண்டும்.

இஃது உணர்ச்சியாற் கூறப்படுவதன்று. அம்மலைநாட்டு வரலாறே இதற்குச் சான்று பகரும். சமோலிக்கு மேலே அளகநந்தையோடு கலக்கும் பிரகிகங்கை என்னும் சிற்றாற்றில், 1893ஆம் ஆண்டு செப்டம்பரில் மலையொன்று சரிந்து வீழ்ந்து ஆற்றை அடைத்தது. ஏறத்தாழ 900 அடி உயர்ந்த அவ்வணைக்குப் பின்னே நீர் தேங்கிக் கோணா ஏரி எனப் பெயர் பெற்றது. அணை நிரம்பி உடையும் காலத்தைப் பொறியியலார் கணித்தறிந்தனர். ஏரிக்கரையிலிருந்து அரித்துவாரம் வரை தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. வெள்ளம் எட்டக்கூடிய உயரத்துக்குக் குறிகள் இடப்பட்டன. மக்கள் மேட்டுநிலம் ஏற்றப்பட்டனர். 1894 ஆகத்து 25ஆம் நாள் இரவு அணை உடைந்தது. சீநகர்ப் பட்டினம் அழிந்தது. எனினும் விலக்கிய இடத்துக்கு மீண்டு சென்ற பக்கிரி ஒருவரும் அவர் குடும்பத்தாருமாக ஐவர் நீங்க, உயிர்ச்சேதம் ஏற்படவில்லை.

எஞ்சி நின்ற ஏரி 1970 சூலைப் பெருவெள்ளத்தில் தூர்ந்தது. சாலைகளும் பாலங்களும் ஊர்களும் அழிந்த அவ்வெள்ளத்துக்குக் காரணம் யாது என்று கோபேசுவரத்தார் ஆராய்ந்தனர். 1964இல் அவ்வூரில் தோன்றிய தசோலி கிராம சுயராச்சிய சங்கத்தார், மலைச்சரிவில் மரங்கள் வெட்டப்பட்டமையே வெள்ளத்தின் கொடுமையை மிகுவித்தது எனக் கண்டனர். 1973 ஏப்பிரலில், விளையாட்டுக் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றன் பொருட்டு மண்டல் காட்டில் மரம் வெட்ட வந்தோரை ஊரார் கூடித் தடுத்தனர். மரத்தைத் தழுவி நிற்றல் என்னும் பொருளுடைய 'சிப்கோ' இயக்கம் அங்ஙனம் தொடங்கிற்று. அம்மண்டலே உருத்திரநாத வழிகளுள் ஒன்றன் அடிவாரம் என்பதை மறத்தலாகாது. 1972இல் அமைந்த கேதாரநாத வனவிலங்குக் காப்பிடம், கத்தூரிமானும் மோனால் என்னும் வண்ணப்பறவையும் வாழும் இம்மலைகளை உள்ளடக்கியது. காடு நின்றமையால் சரிவு நின்றது. சரிவு நின்றமையால் வழி நின்றது.

இனிக் கேதாரநாதத்தில் நிகழ்ந்ததை நோக்குக. 2013 சூன் 16, 17ஆம் நாள்களில், பெருமழையாலும், கோயிலுக்கு மேலுள்ள சோராபாரி ஏரி உடைந்தமையாலும், மந்தாகினி பெருகி ஊரை அழித்தது. யாத்திரிகர் இடைத்தங்கும் இராம்பாரா என்னும் ஊர் இருந்த இடந்தெரியாது போயிற்று. கோயில் மட்டும் நிலைபெற்றது. அந்நாட்டு வெள்ளங்களில் மாண்டோரும் காணாமற் போனோரும் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர். மழையை மக்கள் தடுத்தல் இயலாது. 1894இற்போல முன்னறிந்து விலகுதற்கு அவகாசமும் அப்போது இருந்திலது. எனினும், ஆற்றங்கரையிலேயே விடுதிகளும் கடைகளும் நெருங்கி எழுந்ததும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் அவ்விடுக்கில் திரண்டிருந்ததும் மக்கள் செயலே. பழைய வழி அழிந்தபின் ஆற்றின் மறுகரையில் புதுவழி அமைந்தது. 2023ஆம் ஆண்டில் கேதாரநாதம் சென்றோர் 19 இலட்சத்துக்கு மேற்பட்டனர். 2025 மார்ச்சில், சோன்பிரயாகையிலிருந்து கேதாரத்துக்குக் கம்பித்தேர் அமைத்தற்கு நடுவணரசு ஒப்புதல் அளித்தது.

அற்றேல், முதியோரும் நோயுற்றோரும் பெருமானைக் காணவேண்டாவோ? வலியுடையார்க்கே சிவதரிசனம் என்பது சிவநெறிக்கு ஒக்குமோ எனின், இவ்வினா தள்ளத்தக்கதன்று. மலையூர் மக்களுக்குச் சாலை வேண்டுமென்பதிலும் ஐயமில்லை. பிரசவ வேதனையுற்றாளைக் கட்டிலிற் கிடத்திச் சுமந்துசெல்லும் ஊரினர்க்கு, வழியின் அமைதியைப் பாராட்டி உபதேசித்தல் அறமாகாது. ஆயின், ஊருக்குச் செல்லும் சாலை வேறு. மக்கள் வாழாத மலையுச்சிக் கோயிலுக்குச் செல்லும் சாலை வேறு. முன்னது உயிர்காக்கும், பின்னது இல்லாமையால் எவருயிரும் போவதன்று.

முதியோர் பொருட்டு எழும் வினாவுக்கு விடையைத் தமிழ்ச் சைவ வரலாறே தருகின்றது. கேதாரத்தைப் பாடிய இருவரும் காளத்தியினின்றே பாடினர் என்பது முன்னரே கூறப்பட்டது. அவர்க்கு அப்பதி அருள் செய்யாதொழிந்ததன்று. வடகயிலையை நேரே காணவேண்டுமென்று நடந்தவர் திருநாவுக்கரசு சுவாமிகள். காசியைக் கடந்து, உடன்வந்தாரை நிறுத்தித் தனியே சென்று, பாதந் தேயக் கைகளால் ஊர்ந்தும், கையும் தேய மார்பால் நகர்ந்தும், அதுவும் இயலாதபோது புரண்டும் சென்ற அப்பெருமானை, இறைவன் முனிவர் வடிவில் வந்து தடுத்தருளினான். பொய்கையில் மூழ்குவித்துத் திருவையாற்றில் எழச்செய்து ஆண்டே கயிலைக் காட்சியைக் காட்டியருளினான். பெருமான் நினைந்திருப்பின் மலையைத் தாழ்த்திச் சுவாமிகளை ஏற்றியிருத்தல் கூடும். அங்ஙனம் செய்திலன். மலையை மலையாகவே வைத்து, காட்சியை அன்பர் இருந்த இடத்துக்கு அனுப்பினான். ஏற இயலாதார்க்கு இதனினும் ஆறுதலான விடை வேறு யாது? ஐயாற்றில் நின்று வணங்கும் முதியவர், உருத்திரநாதத்தில் நின்று வணங்குவாரினும் ஓரணுவும் குறைந்தவரல்லர்.

இவ்வாற்றால், அருமையான வழி அருமையாகவே இருத்தல் எவர்க்கும் இழப்பாகாது என்பது போதரும். ஏறவல்லார்க்கு அது சரியைத் தொண்டின் நிலைக்களம். வல்லாதார்க்குத் தத்தம் ஊர்க்கோயிலே கேதாரம். வழியை உடைத்து அகலித்து, வலிந்து பற்றிக்கொள்வார்க்கு மட்டும் அது வீமன் கையில் அகப்படாத இடபமாய் முடியும். பற்றிய கையில் எஞ்சுவது சரிந்த மண்ணே.

அவ்வழிக்குச் செய்யத்தக்க தொண்டு யாது என்பதையும் நாவுக்கரசரே காட்டியருளினார். அவர் திருக்கையிலிருந்தது உழவாரப்படை. அதனால் அவர் கோயில் முற்றத்தும் திருவீதியிலும் புல்லைச் செதுக்கினார், புதுத்தெரு வகுத்தாரல்லர். இன்று உருத்திரநாத வழியில் யாத்திரிகர் எறிந்துசெல்லும் பிளாஸ்டிக் உறைகளைப் பொறுக்கி இறக்குதலும், மழையிற் பெயர்ந்த கல்லை மீட்டு வைத்தலும், நீர்த்துறைகளைத் தூய்மையாகப் பேணுதலும், ஒரு மரத்தையும் வெட்டாது விடுதலுமே உழவாரமாம். செல்வோர் சிலராய், மெல்ல நடந்து, தாம் கொண்டுசென்றதைத் தாமே மீட்டுக் கொணர்வாராயின், அடுத்த இளவேனிலிலும் பெருமானது சிவிகை அவ்வழியே ஏறும்.

திருச்சிற்றம்பலம்.